பன்னிரண்டாவது வாட்ச்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. பெட்டிக்குள் வரிசையாகப் பதினோரு வாட்ச். பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு வாட்ச் ஏறத்தாழ ஒரே நேரம் காட்டுகிறது. மீதி நான்கும் ஆளுக்கொரு நேரம். நின்றுபோயிருக்கின்றன என்று அர்த்தம். 38 வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவன் கண்ணுக்கு வேறு எதுவும் முதலில் படாது. (இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயராம். பெயர்தான் வளர்ந்திருக்கிறது, கடைசிப் பெட்டி அதேதான்.)

உன் அம்மா போன வாரம் போனில் ஒரு மூச்சு அழுதாள். "சம்பளத்தையெல்லாம் கையில் கட்டிக்கொண்டு திரிகிறான், நீயாவது நாலு வார்த்தை சொல்லுடா" என்றாள். திட்டுவதற்காக எழுதவில்லை. குடிக்காமல், சீட்டாடாமல், ஒரு பொருளை உட்கார்ந்து ரசிக்கத் தெரிந்த பிள்ளையை எதற்குத் திட்ட வேண்டும்? ஆனால் நான்கு நின்றுபோயிருக்கும்போது பன்னிரண்டாவதற்கு முன்பணம் கட்டியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டதும் பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. வண்டி கிளம்புமுன் கார்டு ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துத் தன் வாட்சைச் சரிசெய்ய வேண்டும். அந்த நேரத்தை டிரைவரிடம் சொல்ல, அவரும் தன்னுடையதைச் சரிசெய்துகொள்வார். அந்த ஸ்டேஷன் கடிகாரத்துக்கோ தினமும் மாலை 4 மணிக்குக் கன்ட்ரோலிலிருந்து நேரம் வரும். கொடி, கைவிளக்கு, விசில் மாதிரி வாட்சும் ஒரு தளவாடம். அது அழகாக இருக்கிறதா என்று நான் யோசித்ததே இல்லை. 1979-ல் வேலையில் சேர்ந்து, மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஹெச்எம்டி ஜனதாதான் கடைசி நாள் வரை கையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. காலையில் காபிக்கு முன்னால் சாவி கொடுப்பேன். ஒரு நாளைக்கு இருபது வினாடி முன்னே ஓடும். நாளுக்கு 86,400 வினாடி. அதில் இருபது என்றால் 4,320-ல் ஒரு பங்கு. இந்த வயதில் என் ஞாபகசக்தி அதைவிட அதிகமாகவே பிசகுகிறது.

சாவி கொடுப்பது பற்றி ஒன்று. கையில் கட்டியபடியே முறுக்காதே, கழற்றிவிட்டு முறுக்கு. கட்டியபடி முறுக்கினால் தண்டு சாய்வாக இழுபட்டுத் தேயும். விரலுக்கு எதிர்ப்புத் தெரிந்ததும் நிறுத்திவிடு. தேதி காட்டும் வாட்சாக இருந்தால் இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதியைத் திருகாதே. அந்த நேரத்தில் உள்ளே பல்சக்கரம் தேதித் தட்டைத் தள்ளத் தொடங்கியிருக்கும். நீ வேறு தள்ளினால் பல் போகும்.

நீ பெருமையாகத் தனிப்படம் எடுத்து அனுப்பிய அந்தப் பச்சை டயல் ஹெச்எம்டி பைலட்டுக்கு வருகிறேன். சொன்னால் வருத்தப்படுவாய். ஆனாலும் சொல்கிறேன். பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து ஹெச்எம்டி வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. 2016-ல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும்தான், அதுவரை பரணில் கிடந்ததற்கெல்லாம் மவுசு வந்தது. உடனே பழைய மெஷினை எடுத்து, டயலைச் சுரண்டிப் புதுச் சாயம் அடித்து, கேஸைப் பாலிஷ் போட்டு விற்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. உன் டயலில் எழுத்தை லென்ஸ் வைத்துப் பார். ஓரம் கசிந்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் விலகி இருக்கும். கேஸின் முனைகள் கூராக இல்லாமல் சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி இருக்கும். நாற்பது வயது மெஷினுக்கு நேற்று அடித்த பெயிண்ட். விற்றவன் பழசு என்று சொன்னது பொய்யல்ல. எவ்வளவு பழசு, எந்தப் பகுதி பழசு என்று நீ கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதே. உள்ளே இருப்பது நல்ல மெஷின். அதன் பேலன்ஸ் சக்கரம் ஒரு மணி நேரத்துக்கு 18,000 முறை ஆடும். வினாடிக்கு ஐந்து. காதில் வைத்துக் கேள். உன் குவார்ட்ஸ் வாட்சுகளில் வினாடிக்கு 32,768 முறை அதிரும் கல் இருக்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், அதுதான் வினாடி முள்ளின் ஒரு துள்ளல். என்ன ஒரு புத்திசாலித்தனம்! 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் சுவிட்சர்லாந்தின் பட்டறைகள் வரிசையாகப் படுத்துவிட்டன. ஆகவே "குவார்ட்ஸ்தானே" என்று உதட்டைப் பிதுக்காதே. ஓசூரில் டாடாவும் நம் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனில் பிற்பாடு 3.5 மில்லிமீட்டர் கனத்தில் எட்ஜ் என்று ஒன்று போட்டார்களே, அதுவும் குவார்ட்ஸ்தான். உன் பெட்டியில் விலை குறைந்ததாக மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறாயே அந்த கேசியோ எஃப்-91டபிள்யூ, 1989-லிருந்து மாறாமல் வந்துகொண்டிருக்கும் சரக்கு. நேரம் காட்டுவதில் உன் பெட்டியிலுள்ள சாவி வாட்ச், ஆட்டோமேட்டிக் எல்லாவற்றையும் அது தோற்கடிக்கும்.

குவார்ட்ஸில் ஒரே ஒரு எச்சரிக்கை. இது நான் கூலி கொடுத்துக் கற்ற பாடம். 2017-ல் நான் ஓய்வுபெற்ற அன்று சக ஊழியர்கள் காசு போட்டுத் தங்கமுலாம் பூசிய வாட்ச் ஒன்று கொடுத்தார்கள். பின்பக்கம் என் பெயரும் தேதியும் பொறித்திருந்தது. கட்டினால் கீறல் விழும் என்று வெல்வெட் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாலைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று எடுத்தால் நின்றுபோயிருந்தது. பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி கசிந்து, உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. செம்புக் கம்பியெல்லாம் அரித்துவிட்டது. அந்த ஜனதாவோ வெயில், மழை, கரி, டீசல் எல்லாம் பார்த்தும் ஓடுகிறது. கட்டாத வாட்சிலிருந்து பேட்டரியை எடுத்துவிடு. அதைவிட நல்லது, கட்டு.

அந்த வாட்சைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் தெப்பக்குளம் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாய் பழக்கமானார். துணிக்கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், மேலே ஒரு டேபிள் லேம்ப். கடை அவ்வளவுதான். என் குவார்ட்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "கையில இருக்கறத குடுங்க சார், அது எப்ப சர்வீஸ் பண்ணீங்க?" என்றார். வருஷக்கணக்காகிவிட்டது என்றேன். என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே எண்ணெய் வற்றிப் பிசினாகிவிடும், நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கழுவி எண்ணெய் போடாவிட்டால் எஃகை எஃகு தின்னும் என்றார்.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாக எடுத்து பெட்ரோலில் கழுவி, ரப்பர் பல்பால் ஊதி, கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணத்துக்கு அடியில் வரிசையாக வைத்தார். எண்ணெய் சொட்டுவது என்று நாம் சொல்கிறோமே, அது சொட்டு இல்லை. ஊசிமுனையில் ஒட்டிய ஈரம். எல்லாம் பூட்டிய பிறகு, முறுக்கியும் முறுக்காமலும் லேசாகச் சாவி கொடுத்துவிட்டு, கடைசியாகப் பேலன்ஸை இறக்கினார். அதன் திருகாணியை இன்னும் முடுக்கவில்லை. அதற்குள் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில் பாய்க்கு ஒரே சிரிப்பு. ஐம்பது வருஷமாகப் பார்க்கிறாராம், இன்னும் அந்த நொடியில் கை நின்றுவிடுமாம்.

அவருடைய இரண்டு பிள்ளைகளும் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். இந்த ஸ்டூலுக்கு ஆள் இல்லை.

ஆகவே என் யோசனை இது. இனி வாட்ச் வாங்குமுன், இதை யார் பழுதுபார்ப்பார் என்று கேள். பதில் இல்லையென்றால் வாங்காதே. பெங்களூரில் உனக்கென்று ஒரு ரிப்பேர்காரரைக் கண்டுபிடித்து, நின்றுபோன நாலில் ஒன்றைக் கொடுத்துப் பார். அவர் அதைத் திறக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். கத்தியை விட்டு நெம்புகிறவர் என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடு.

கட்டுவது பற்றியும் கொஞ்சம். உனக்கும் எனக்கும் ஒரே மணிக்கட்டு, முருங்கைக்காய். அதில் 44 மில்லிமீட்டர் வாட்சைக் கட்டினால் சட்னிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. வட்டத்தின் அகலத்தை மட்டும் பார்த்து வாங்காதே. ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தோல் ஸ்ட்ராப் நம் ஊர் வியர்வைக்கு ஒரு கோடை தாங்கினால் பெரிது. சென்னைக்குப் போகும் நாட்களில் நைலானோ செயினோ போட்டுக்கொள். பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பிக் குளத்தில் குதிக்காதே. அது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசி டப்பாவில் புதைத்துவைத்து நாளைக் கடத்தாமல், அன்றே ரிப்பேருக்குக் கொடு. துரு காத்திருக்காது.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தைதான். மாதத் தவணையில் வாட்ச் வாங்காதே. முதலீடு என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். கடைவாசலைத் தாண்டியதுமே பெரும்பாலான வாட்சுக்கு விலை இறங்கிவிடும். ஆசைக்கு வாங்கினேன் என்று சொல். அவளுக்கு அது புரியும்.

ஏன் புரியும் என்றால், அவள் டீச்சர் வேலையில் சேர்ந்தபோது எங்கள் அப்பா வாங்கிக்கொடுத்த சின்ன சாவி வாட்ச் ஒன்று இருக்கிறது. டயல் உள்மணிக்கட்டில் இருக்கும்படி கட்டுவாள். சாக்பீஸ் பிடித்த கையை லேசாகத் திருப்பினால் போதும், பெல்லுக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று பார்த்துவிடுவாள். உன் வயதுக்கு நீ அதைப் பார்த்தே இருக்கமாட்டாய். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், பவுடர் டப்பாவுக்குள் இருக்கிறது. அவளிடம் கேட்டு எடுத்துக்கொள். அந்த முன்பணத்தைத் திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிவிட்டு, இதையும் நின்றுபோன ஒன்றிரண்டையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வா. வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார். சனிக்கிழமை பதினொன்றுக்கு மேல் கட்டாயம் இருப்பார். சின்ன மெஷின் என்றால் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதுதான் கை வைப்பார்.

வரும்போது அத்தைக்கு அந்த மைசூர்பாகு வாங்கி வா. போன தடவை உடைந்துவிட்டது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா