மஞ்சள் நோட்டீசுக்குப் பிறகு சிபில்

திருப்பூர்ப் பக்கம் ஒருவர் திவாலாகி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்றால், கடன் கதை அத்தோடு முடிந்தது என்று நினைப்பார்கள். நான் அதற்காகப் போன முதல் நாளே என் வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஐ.பி. (திவால் மனு) போட்டா கேஸ் மேல கேஸ் வர்றதத்தான் நிறுத்தலாமுங்க. சிபில்ல ஏறுனது அப்படியேதான் இருக்கும்."

மாவட்ட நீதிமன்றங்களில் தனிநபர் திவாலுக்கு இன்னமும் 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்கிற அளவுக்குப் பழசு. அந்தக் காலத்தில் கடன் வரலாற்றைப் பதிந்து மதிப்பெண் போடும் சிபில் ஏது? கோர்ட் விடுவித்தாலும் வங்கிப் பதிவு தானாக அழியாது. மனுப் போடும் முன்பே மதிப்பெண் சரிந்திருக்கும். தவணை நின்று 90 நாள் தாண்டினாலே அது வாராக்கடன்.

சிபில் ரிப்போர்ட்டை எடுத்தால் முதலில் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதக் கட்டங்கள் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000, தாமதமானால் தாமதமான நாள்கணக்கு. என் கிரெடிட் கார்டுக் கணக்கில் கட்டங்களுக்கு மேலே 'ரிட்டன் ஆஃப்' (வாராதென்று தள்ளியது) என்றிருந்தது. புதிதாகக் கடன் கேட்ட இடத்திலெல்லாம் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே ஃபைலை மூடிவிட்டார்கள்.

கோர்ட் விடுவித்த கடன்தான். ஆனாலும் கையில் காசு வந்ததும் நானே பேசி, அந்தப் பாக்கியை முழுசாகக் கட்டினேன். குறைத்துக்கொண்டு முடிக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்றுதான் போடுவார்கள், அடுத்த வங்கி அதையும் பாதிக் கடனாகவே பார்க்கும். நோ டியூ சர்டிபிகேட்டைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். கட்டியும் ரிப்போர்ட் மாறாவிட்டால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் திருத்த வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது.

பிறகு சின்னதாக ஒரு டெபாசிட் போட்டு அதன்மேல் கார்டு வாங்கினேன். லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடுவதில்லை. மளிகை, பெட்ரோல், அவ்வளவே. கெடு தேதிக்கு முன்பே முழுத் தொகையும் கட்டிவிடுவேன். 000 வரிசையாக ஏற ஏறத்தான் மதிப்பெண் அசைந்தது. அதற்கு வருடங்கள் ஆகும். ஒரே வாரத்தில் ஏற்றித் தருகிறோம் என்று போன் பண்ணுகிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நாலைந்து வங்கியில் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கவும் வேண்டாம், ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டில் பதிவாகும்.

என் மனதை அதிகம் அறுத்தது மச்சானின் நிலைமை. என் கடனுக்கு ஜாமீன் போட்டவர் அவர். நான் திவாலானதால் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை. அவருடைய வீட்டுக்கடன் விண்ணப்பம் என்னால் நின்றுபோனது. மனுப் போடும் முன் ஜாமீன்தாரரை நேரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தருகின்றன. உங்களுடையதை எடுக்கும்போது அவரையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.