ஏனென்று கேட்டால் விடை சொல்லும் கொழும்பு

கொழும்பைப் பார்க்க வருவோர் காலிமுகத்திடலில் காற்று வாங்குவர். தாமரைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பர். புறக்கோட்டையில் துணிமணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவர். எமது வீட்டாரும் அவ்வாறே. என் உம்மும்மா மருதானையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறார். ஆனால், ஒரு நாளேனும் தேசிய நூதனசாலைக்குள் காலடி வைத்ததில்லை. காரணம் கேட்டேன். “அது படிச்ச ஆக்கள் போற எடம் மகள்” என்றார். அந்தப் பதில்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

உயர்தரத்தில் வரலாறு கற்கும் மாணவி என்ற வகையில், கடந்த விடுமுறையில் வாப்பாவுடன் கொழும்பின் சில விநோதமான இடங்களைப் பார்த்து வந்தேன். அப்போது ஓர் உண்மை விளங்கிற்று. விநோதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் காரணம் மறந்துபோன ஒன்றேயாகும். அக்காரணத்தைத் தேட மூன்று கேள்விகள் போதுமானவை. அவற்றை என் சக மாணவிகளுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது கேள்வி: சுற்றுப்புறம் எவ்வாறு மாறியது?

கோட்டைப் பகுதியில் சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில், நட்ட நடு வீதியில் ஒரு வெளிச்சவீடு நிற்கிறது. அதில் மணிக்கூடும் உண்டு. கப்பல்களுக்கு வழிகாட்ட வேண்டிய வெளிச்சவீடு, வாகனங்களுக்கு நடுவில் எதற்காக நிற்கிறது?

இது முதலில் மணிக்கூட்டுக் கோபுரமாகவே 1857 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர், அக்காலத் தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் என்பது மாணவிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி. பத்து ஆண்டுகளின் பின், 1867 இல், அதன் உச்சியில் விளக்கு ஏற்றப்பட்டது. அன்று அவ்வெளிச்சத்தை மறைக்க உயரமான கட்டடங்கள் இருக்கவில்லை. காலப்போக்கில் சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து கடலை மறைத்தன. எனவே 1952 இல் விளக்கு அணைக்கப்பட்டது. வெளிச்சவீடு இடம் மாறவில்லை. நகரம்தான் வளர்ந்து அதனைச் சூழ்ந்துகொண்டது.

அங்கிருந்து புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குச் சென்றால், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் கண்ணைப் பறிக்கும். சம்மாங்கோட்டார் பள்ளி என்று சொன்னால்தான் வியாபாரிகளுக்கு உடனே விளங்கும். தென்னிந்திய முஸ்லிம் வர்த்தகர்களின் முயற்சியால் 1908 இல் வேலை தொடங்கி 1909 இல் நிறைவுற்றது. இதனை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை கட்டடக்கலையை முறையாகக் கற்றவர் அல்லர். மாதுளம்பழம் போன்ற அதன் குவிமாடங்களைப் பார்க்கும்போது அது நம்ப முடியாத செய்தியாகத் தோன்றும். உயர்ந்த கட்டடங்கள் வருவதற்கு முன்னர், கடலில் வரும் மாலுமிகள் இப்பள்ளியைக் கண்டே கொழும்பு நெருங்கிவிட்டதை அறிந்தார்களாம். ஆக, வெளிச்சவீட்டைப் போலவே இப்பள்ளியும் ஒரு காலத்தில் கடற்பயணிகளுக்கு வழி காட்டியிருக்கிறது. இன்று இரண்டுமே கடலுக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது கேள்வி: பெயர் எங்கிருந்து வந்தது?

புறக்கோட்டைப் பிரதான வீதியில் ஒரு பழைய மணி தனியே தொங்குகிறது. அவ்விடத்தின் பெயர் கெய்மன்ஸ் கேட். அதைக் கடந்து செல்லும் எத்தனை பேருக்கு அப்பெயர் ‘முதலை வாசல்’ என்று தெரியும்? கெய்மன் என்ற ஒல்லாந்தச் சொல் முதலையைக் குறிக்கும். ஒல்லாந்தரின் கோட்டைக்குள் நுழையும் வாயில்களில் ஒன்று இங்கே இருந்தது. கோட்டையை அண்டிய நீர்நிலையில் அன்று முதலைகள் இருந்தன.

இதை வெறும் வேடிக்கைக் கதையாக எண்ணிவிடக் கூடாது. நாம் கொம்பனித்தெரு என்று அழைக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் நீண்ட காலம் வழங்கிய பெயரின் பொருள் ‘அடிமைத் தீவு’. ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அங்கே அடைத்து வைத்தனர். தப்பி நீந்த முயல்வோருக்கு வாவியின் முதலைகளே காவலாக அமைந்தன. இன்று அங்கே சாப்பாட்டுக் கடைகளும் மாடிக் கட்டடங்களும் நிறைந்துள்ளன. அப்பழைய பெயர் மட்டும் அந்த மனிதர்களுக்காகச் சாட்சி சொல்கிறது.

மணியிருக்கும் இடத்திலிருந்து மேட்டில் ஏறினால் வுல்வெண்டால் தேவாலயம் தென்படும். 1749 இல் தொடங்கி 1757 இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால ஆலயம் அது. அதன் பெயருக்கு ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று பொருள். இலங்கையில் ஓநாய்கள் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அக்காலத்தில் இப்பகுதியில் திரிந்த நரிகளைக் கண்டு ஐரோப்பியர் ஓநாய்கள் என்று நினைத்துவிட்டனர். அந்தத் தவறு திருத்தப்படாமலே இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முகவரியாக நிலைத்துவிட்டது!

மூன்றாவது கேள்வி: கட்டியவர் யார்?

நாம் பெரும்பாலும் கேட்க மறப்பது இக்கேள்வியைத்தான். கெய்மன்ஸ் கேட்டுக்கு அருகிலேயே பழைய நகர மண்டபம் உள்ளது. 1873 இல் எழுந்த இக்கட்டடம் பிற்காலத்தில் நூதனசாலையாக மாற்றப்பட்டது. கீழே பழைய வீதி உருளை இயந்திரங்கள் ஓய்வெடுக்கின்றன. மேலே நீண்ட மேசையைச் சுற்றி, பழைய கால உடையணிந்த நகரசபை உறுப்பினர்கள் அமர்ந்திருக்கின்றனர். நெருங்கிப் பார்த்தால் அனைவரும் உருவச் சிலைகள்! சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருபோதும் முடிவுறாத கூட்டம் அது.

பேர வாவியின் நீர்மேல் அமைந்துள்ள சீமா மாலகம் பௌத்தர்களின் தியான மண்டபம். புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்தது. பழைய மண்டபம் மெல்ல மெல்ல நீரில் அமிழ்ந்ததால் 1976 இல் இது கட்டப்பட்டது. அதற்கான செலவை ஏற்றவர்கள் எஸ்.எச். மூசாஜி என்ற முஸ்லிம் வர்த்தகரும் அவரது மனைவியுமாவர். மறைந்த தம் மகன் அமீரின் நினைவாக அதைச் செய்தனர். பிள்ளையை இழந்த ஒரு தாயும் தந்தையும் அயலவரின் வணக்கத்தலத்துக்குக் கைகொடுத்த செய்தி எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

இறுதியாக, உம்மும்மா போகத் தயங்கிய தேசிய நூதனசாலை. தேசாதிபதி வில்லியம் கிரகரியின் முயற்சியால், ஜே.ஜி. ஸ்மிதரின் வரைபடத்தின்படி எழுந்து, 1877 ஜனவரி 1 இல் திறக்கப்பட்டது. கட்டிக் கொடுத்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். பழைய நகர மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. திறப்பு விழாவில், “உமக்கு என்ன கௌரவம் வேண்டும்?” என்று தேசாதிபதி கேட்டாராம். பட்டமோ பதவியோ அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டுமே கேட்டார் என்பர். அந்த வேண்டுகோள் ஏற்கப்பட்டது. அவ்வழக்கம் பிற்காலத்தில் மாறினாலும், நீண்ட காலம் ஜும்ஆ நாளில் அக்கதவுகள் மூடியே இருந்தன.

இந்தக் கதையை உம்மும்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பின், “நம்மட ஆளா மகள் அத கட்டின?” என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமையே அவரை அழைத்துச் சென்றோம். சிம்மாசனத்தையும் சிலைகளையும் விட, அவர் அதிக நேரம் பார்த்தது தூண்களையும் சுவரையும்தான். வெளியே வந்து படிக்கட்டில் அமர்ந்து, “இவ்வளவு நாளும் வெளியாலயே போயிட்டேனே” என்றார்.

அன்பின் மாணவிகளே, விநோதமான இடங்கள் தலைநகரில் மாத்திரம் இல்லை. காலியிலும் கண்டியிலும் புத்தளத்திலும் காத்தான்குடியிலும், நீங்கள் தினமும் கடந்து செல்லும் தெருவிலும் இருக்கக்கூடும். பொருந்தாத இடத்தில் நிற்கும் கட்டடமோ, பொருள் விளங்காத பெயரோ கண்ணில் பட்டால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். சுற்றுப்புறம் எவ்வாறு மாறியது, பெயர் எங்கிருந்து வந்தது, கட்டியவர் யார் என்று கேளுங்கள். கிடைத்த விடையை உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள். முக்கியமாக, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லுங்கள். தமக்கு உரியதல்ல என்று அவர்கள் இத்தனை காலமும் ஒதுங்கிச் சென்ற இடங்களில், அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.