தூளி உங்கள் வீட்டிலேயே ஆடட்டும்

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. நான் அஞ்சல் துறையில் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். இப்போது ஏழாவது மாதம். "பிள்ளையக் கீழ போட்டுருவீங்க. மூணு வயசு வரைக்கும் என் மக வீட்ல வளரட்டும்" என்கிறார் மாமியார். அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். எனக்கும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உதவி உண்டா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் பிள்ளையை நீங்களே வளர்க்கலாம். மாமியாரின் பயத்துக்கும் வழி இருக்கிறது. கண் கட்டாயம் வேண்டிய வேலைகள் எவை, கையும் காதும் போதுமான வேலைகள் எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டியல்தான் நீளம்.

பார்வையில்லாத ஒரு தாய் தன் எட்டு மாதப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடக்கைச் சுண்டுவிரல் குழந்தையின் கடைவாயோரம் இருக்கும். அந்த விரலைத் தொட்டபடியே கரண்டி வாய்க்குப் போகும். ஊட்டி முடித்துக் குழந்தையைத் தவழ விட்டார். காலில் சலங்கை வைத்த கொலுசு. கட்டிலுக்கு அடியில் போய்ச் சத்தம் நின்றதும் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்தார். "சத்தம் கேட்டா பயமில்லீங்க. நின்னாத்தான் போய்ப் பாக்கணும்" என்றார்.

மருந்து கொடுக்க ஊசி இல்லாத சிரிஞ்ச் போதும். டாக்டர் சொன்ன அளவில் அதன் உள்தண்டில் செவிலியரிடம் ஒரு சிறு வெட்டு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகம் அந்த வெட்டில் தட்டியதும் இழுப்பதை நிறுத்திவிடலாம். ஒவ்வொரு மருந்துக்கும் தனி சிரிஞ்ச். அளவு மாறினால் புதியது. காய்ச்சல் அளவைக் குரலில் சொல்லும் தெர்மாமீட்டரும் கிடைக்கிறது. வெளியே போகும்போது குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டும் பையில் வைத்துக்கொண்டால் வெண்கோலுக்கு ஒரு கை மிஞ்சும்.

கண் வேண்டிய இடமும் உண்டு. அங்கே வீம்பு வேண்டாம். பிறந்த முதல் வாரங்களில் தோலில் மஞ்சள் ஏறுகிறதா, தொப்புள் சிவந்திருக்கிறதா, மலத்தின் நிறம் சரியாக இருக்கிறதா என்பதைப் பார்வையுள்ள ஒருவர் தினமும் பகல் வெளிச்சத்தில் பார்த்தே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பின் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருவார்; உங்கள் நிலையை இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள். துணி மாற்றுவதையும் பால் கொடுக்கப் பிடிக்கும் விதத்தையும் உங்கள் கையைப் பிடித்தே கற்றுத்தரும்படி பிரசவ வார்டில் கேளுங்கள்.

மத்திய அரசு ஊழியர் என்பதால் உங்களுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் இருக்கிறது. இவற்றோடு, மாற்றுத்திறனாளிப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு வயது முடியும் வரை மாதந்தோறும் சிறப்புப் படி உண்டு. 2024 ஜனவரி முதல் அது 3,750 ரூபாய். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

அரசு வேலையில் இல்லாத வாசகிகள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிப் பெண்களின் பிழைப்புக்கும் அவர்கள் பிள்ளைகளை வளர்க்கவும் அரசு துணைநிற்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. மனுவில் அந்தப் பிரிவை எழுதுங்கள். பெற்றோரின் குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் வீட்டுக்கு வந்து கைகொடுக்கும் உதவியாளர் என்பது நம் ஊரில் இன்னும் வேர்பிடிக்கவில்லை. இங்கிலாந்தின் 2014 பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு என்ன உதவி தேவை என்று கணக்கிடும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்துக்கொள்கிறது. இங்கே அந்த இடத்தில் மாமியார்களும் பக்கத்து வீட்டு அக்காக்களும்தான் நிற்கிறார்கள்.

அதனால் உங்கள் மாமியாரோடு சண்டை வேண்டாம். "பிள்ள அங்க வர வேணாம் அத்தை, நீங்க மூணு மாசம் இங்க வந்து இருங்க. தெனமும் காலைல வெளிச்சத்துல வெச்சு அதோட நிறத்தப் பாத்துச் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்று கேளுங்கள். வந்தவுடன் தூளியை அவர் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், கயிற்றில் ஒரு சின்ன மணியையும் சேர்த்து.