கரிசல் பாதைக்கு ஏற்ற சைக்கிள் செயினும் பல்சக்கரங்களும்

கிராம வாழ்வில் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. ஏரையும் மண்வெட்டியையும் போல அதுவும் ஒரு தொழிற்கருவியாகும். மணியாச்சி, கடம்பூர், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி முதலிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் சீமையில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், புல்லுக்கட்டும் குடிதண்ணீர்க் குடமும் பால் கேனும் சைக்கிளின் மேல்தான் பல இல்லங்களுக்கு வந்து சேருகின்றன. பஸ் வசதி குறைந்த ஊர்களின் பிள்ளைகள் உயர்நிலைக் கல்விக்குச் செல்வதும் அதன் துணையாலேயே.

தமிழ்நாட்டில் பள்ளி மாணவியருக்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கும் திட்டம் 2001-02ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென முதலில் ஏற்பட்ட அத்திட்டம் பின்னர் விரிவடைந்து, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கு உரியதாயிற்று. அதற்கும் முன்பே, 1991ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நாடறியும்.

ஆனால் வண்டி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அது ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். செயின் நழுவும் சைக்கிள் சில மாதங்களில் திண்ணைச் சுவரில் சாய்ந்துவிடுகிறது. அதன் பின்னர் ஐந்து கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவி, முதலில் தாமதமாகச் செல்கிறாள். பிறகு சில நாட்கள் செல்லாமலே இருந்துவிடுகிறாள். ஆகவே, சைக்கிளை இயக்கும் உறுப்புகளுள் மலிவானவை எவை, நீடித்து உழைப்பவை எவை என்று தெரிந்து வாங்குவது குடும்பத்திற்கும் ஊருக்கும் பயன் தரும்.

இயக்கும் உறுப்புகள்

காலின் வலிமை பின்சக்கரத்தைச் சென்றடைவது ஐந்து உறுப்புகளின் வழியாகும். அவை பெடல், கிராங்க், செயின் வீல் எனப்படும் முன் பல்சக்கரம், செயின், பிரீவீல் எனப்படும் பின் பல்சக்கரம் ஆகியவை. இவற்றுள் செயினே நடுநாயகமானது. இன்று நாம் காணும் உருளைச் செயின் 1880ஆம் ஆண்டில் ஹான்ஸ் ரெனால்டு என்பவரால் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உருவாக்கப்பட்டது. அதன் அடிப்படை அமைப்பு இன்றளவும் பெரிதும் மாறவில்லை. நம் மாநிலத்தில் அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டில் சைக்கிள் தொழிற்சாலையும், 1960ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தின் செயின் தயாரிப்பு நிறுவனமும் தோன்றின. பஞ்சாப் மாநிலத்தின் லூதியானா நகரம் சைக்கிள் உறுப்புகளுக்குப் பெயர் பெற்றது. எனவே சாதாரணச் சைக்கிளுக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் நம் நாட்டிலேயே உருவாகின்றன.

செயினில் ஒரு முள்ளின் மையத்திலிருந்து அடுத்த முள்ளின் மையம் வரை சரியாக அரை அங்குலம் இருக்கும். இவ்வளவு எல்லாச் சைக்கிள்களுக்கும் பொதுவானது. அகலம் மட்டுமே வேறுபடும். கியர் இல்லாத சைக்கிளின் செயின் உள் அகலம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; கியர் சைக்கிளின் செயின் அதைவிடக் குறுகியது. ஒன்றுக்குரியதை மற்றொன்றிற்கு மாட்டுதல் தவறு.

கரிசல் மண் செய்யும் வேலை

கரிசல் மண் மழையில் பசைபோல் ஒட்டும். கோடையில் வெடித்துப் புழுதியாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டிப்பாதையில் செல்லும் சைக்கிளின் மட்கார்டிற்கும் டயருக்கும் இடையே களி திரண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். அவ்வேளையில் பெடலை ஊன்றி மிதித்தால் முழுப்பாரமும் செயினின் மேல் விழுகிறது. சிறு குச்சியால் களியை அகற்றிய பின்னரே வண்டியைச் செலுத்த வேண்டும். இயலாவிடில் தார்ச்சாலை வரை தோளில் சுமந்து செல்வதே மேல்.

ஆனி, ஆடி மாதங்களில் கேடு வேறு வகையானது. மேற்கிலிருந்து வீசும் காற்று புழுதியைச் செயினில் கொண்டு சேர்க்கிறது. புழுதியில் உள்ள நுண்ணிய மணல் எண்ணெயுடன் கலந்து, சாணைக்கல்லில் இடும் பொடியைப் போல் இரும்பை அராவுகிறது. செயின் கவர் முழுமையாக உள்ள சைக்கிள் நம் பகுதிக்கு மிகவும் ஏற்றது. அழகு கருதியோ சத்தம் கருதியோ அதைக் கழற்றி எறிவது செயினின் ஆயுளைக் குறைக்கும்.

தேய்மானத்தை அளந்தறிதல்

செயின் இழுபட்டு நீள்கிறது என்பர். உண்மையில் இரும்புத் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு முள்ளும் அதைச் சுற்றியுள்ள குழலும் உள்ளே தேய்வதால், கண்ணிகளுக்கிடையே உள்ள தூரம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. நீண்ட செயின் பல்லின் அடியில் படியாமல் நுனியை நோக்கி ஏறி, பற்களைத் தேய்த்து அரிவாள் மூக்குப் போல் வளைத்துவிடுகிறது.

இதை அறிய 12 அங்குல இரும்பு அளவுகோல் ஒன்றே போதும். செயினை விறைப்பாக நிறுத்தி, ஒரு முள்ளின் மையத்தில் அளவுகோலின் தொடக்கத்தை வைக்க வேண்டும். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அளவு 12 அங்குலத்திற்கு மேல் பதினாறில் ஒரு பங்கை எட்டினால் செயினை மாற்றுவது நலம். எட்டில் ஒரு பங்கை எட்டிவிட்டால், பெரும்பாலும் பிரீவீலும் கெட்டிருக்கும். செயின் வீலையும் சோதிக்க வேண்டும்.

இதுவே இப்பாடத்தின் மையக் கருத்தாகும். உரிய காலத்தில் செயினை மட்டும் மாற்றுபவர் ஒன்றுக்கே செலவு செய்கிறார். காலம் கடத்துபவர் மூன்றுக்கும் சேர்த்துச் செலவிடுகிறார். தேய்ந்த பல்சக்கரத்தில் புதிய செயினை மாட்டினாலோ, பாரம் ஏற்றி எழுந்து மிதிக்கும்போது அது நழுவும். லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் இது விபத்துக்கு வழியாகும்.

பற்களின் எண்ணிக்கை

சாதாரணச் சைக்கிளில் முன்புறம் 44 பற்களும் பின்புறம் 18 பற்களும் கொண்ட அமைப்பு வழக்கத்தில் உள்ளது. 28 அங்குலச் சக்கரமுள்ள வண்டியில், பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி சுமார் 5½ மீட்டர் செல்லும். பின்புறம் 22 பற்கள் உள்ள பிரீவீலை மாட்டினால் சுமார் 4½ மீட்டர் செல்லும். வேகம் சிறிது குறையும். ஆயினும் காலுக்கு வேண்டிய வலிமை ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகத் தணியும். நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் அப்போதும் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் செல்லலாம். சுமை ஏற்றிச் செல்வோருக்கு இவ்வேகம் போதுமானது.

நமது பகுதி சமவெளிதானே, இது எதற்கு என்று சிலர் வினவலாம். கயத்தாற்றைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளே அதற்கு விடை. எதிர்க்காற்றில் நீர்க்குடம் ஏற்றிச் செல்வது மேட்டில் ஏறுவதற்கு ஒப்பாகும். மேலும், பற்கள் மிகுந்த சக்கரத்தில் தேய்மானம் பல பற்களுக்குப் பங்கிடப்படுகிறது. செயினும் குறைவாகவே மடங்குகிறது. ஆதலால் அது நீண்டகாலம் உழைக்கும். மாற்றுவதற்குச் செலவும் அதிகமில்லை. நான்கு பற்கள் கூடினால் பின் அச்சு அரை அங்குலம் முன்னே நகர வேண்டும். பிளவில் இடமில்லாவிடில் செயினில் இரண்டு கண்ணிகள் சேர்க்க வேண்டும்.

கியர் சைக்கிள் வாங்குவோருக்கு

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மலைச்சரிவுகளில் இளைஞர்கள் ஓட்டிப் பழகியதிலிருந்து பிறந்தது மலைச் சைக்கிள். தடித்த டயரும் பல கியர்களும் உடைய அவ்வகை வண்டியை இன்று நம் இளைஞர்களும் விரும்பி வாங்குகின்றனர். கரடுமுரடான பாதைக்கு அந்த டயர் ஏற்றதே. ஆனால் கியர்கள் பெருகப் பெருக வண்டி சிறந்ததாகும் என்று எண்ணுதல் கூடாது.

முன்புறம் மூன்றும் பின்புறம் ஏழும் கொண்ட வண்டியை 21 கியர் வண்டி என்பர். அவற்றுள் பல, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒத்தவை. நடுவிலுள்ள முன் சக்கரம் 34 பற்களும், பின்னே 14 முதல் 28 வரை பற்களும் கொண்டதாயின், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் கடினமான கியரில் ஏறத்தாழ இரண்டரை முறையும், இலேசான கியரில் ஒன்றேகால் முறைக்குச் சற்றுக் குறைவாகவும் சுற்றும். கரிசல் பாதைக்கு இவ்வேழே போதும். நடுச் சக்கரத்திலேயே செயினை நிறுத்தி ஓட்டினால் கோளாறுகள் குறையும்.

பின்வரும் நான்கும் நினைவில் கொள்ளத்தக்கவை. முதலாவது, பின்புறம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வண்டிகளுக்கு ஒரே வகைச் செயின் பொருந்தும், அது மலிவானது. ஒன்பதும் அதற்கு மேலும் உள்ளவற்றிற்கு மேலும் குறுகிய, விலை மிகுந்த செயின் வேண்டும். இரண்டாவது, ஹப்பில் திருகி மாட்டும் பிரீவீலா, வரிப்பள்ளங்களில் செருகி மாட்டும் கேசட்டா என்று கேட்டறிய வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மூன்றாவது, முன் பல்சக்கரங்கள் கிராங்குடன் ஆணியடித்துப் பிணைக்கப்பட்டிருந்தால் ஒன்று தேய்ந்தாலும் முழுவதையும் மாற்ற நேரிடும். போல்ட்டு வைத்து மாட்டியவற்றில் தேய்ந்ததை மட்டும் மாற்றலாம். நான்காவது, அலுமினியப் பல்சக்கரம் எடை குறைந்ததாயினும் இரும்பைவிட விரைவில் தேயும். பந்தயத்தில் ஓடுவோருக்கு அது ஏற்கலாம். பால் கேன் சுமப்பவருக்கு இரும்பே ஏற்றது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பழைய உறுப்பைக் கையோடு கடைக்குக் கொண்டுசெல்வது நல்லது. செயின் தகடுகளில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். ஒவ்வொரு கண்ணியும் தடையின்றி மடங்குகிறதா என்று விரலால் சோதிக்கவும். பிரீவீலைப் பின்னோக்கிச் சுழற்றினால் சீரான டிக்டிக் ஒலி கேட்க வேண்டும். முன்னோக்கித் திருப்பினால் உடனே பிடிக்க வேண்டும். செயின் வீலை மாட்டிச் சுற்றிப் பார்க்கையில் பக்கவாட்டில் ஆடலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் ஊருக்கு அருகில் உள்ள கடையில் அவ்வுறுப்பு மீண்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டிய உயர்ந்த உறுப்பைவிடக் கோவில்பட்டிக் கடையில் என்றும் கிடைக்கும் நடுத்தர உறுப்பே விவசாயிக்கு உகந்தது.

எண்ணெயிடும் முறை

எண்ணெய் செயினின் உள்ளே செல்ல வேண்டும், வெளியே தங்கலாகாது. மண்ணெண்ணெய் தோய்ந்த துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷாலும் அழுக்கை நீக்கி, உலர்ந்தபின் ஒவ்வோர் உருளையின் மேலும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுக. பெடலைச் சிறிது நேரம் சுற்றிய பின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் நன்கு துடைத்துவிடுக. என்ஜினிலிருந்து கழித்த கறுப்பு எண்ணெயில் உலோகத் துகள்கள் இருப்பதால் அது ஆகாது. கிரீசை வெளியே அப்புவது புழுதியை அழைப்பதாகும். பிரீவீலினுள் கிரீஸ் இட்டால் உள்ளிருக்கும் பிடிப்பான்கள் ஒட்டிக்கொண்டு, பெடல் வீணே சுற்றும்; அங்கும் மெல்லிய எண்ணெயே விட வேண்டும். செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் அரை அங்குலம் அளவு ஆடுவது சரியான தளர்வாகும்.

காட்டர் பின் உள்ள கிராங்கில், மிதிக்கும்போது சுற்றுக்கொருமுறை “டக்” என்ற ஒலி எழுந்தால் உடனே கவனிக்க வேண்டும். தளர்ந்த பின்னுடன் ஓட்டினால் சில ரூபாயில் முடியும் வேலை அச்சையும் கிராங்கையும் மாற்றும் வேலையாகிவிடும். இடப்புறப் பெடலின் மரை வலப்புறத்திற்கு எதிரானது என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்யக்கூடியவையே. எனினும் பஞ்சாயத்து முன்வந்தால் பயன் பன்மடங்காகும். 12 அங்குல இரும்பு அளவுகோல், செயின் முள் கழற்றும் கருவி, பிரீவீல் கழற்றும் கருவி, ஸ்பானர்கள், காற்றடிக்கும் பம்பு, எண்ணெய்க் கேன் ஆகியவை கொண்ட பெட்டி ஒன்று ஊருக்குப் பொதுவாக இருக்கலாம். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக அமைகிறது. ஜனவரி 26ஆம் நாள் கூடுவது மழை ஓய்ந்தபின் அமைகிறது. அவ்விரு நாட்களிலும் மாணவர்களின் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரரைக் கொண்டு செயின்களை அளந்துவிடலாம். மாற்ற வேண்டியவற்றைக் கணக்கெடுத்து மொத்தமாக வாங்கினால் விலையும் குறையக்கூடும். அளக்கும் வேலையை மேல்வகுப்பு மாணவ மாணவியரிடமே ஒப்படைப்பது அவர்களுக்கும் நல்ல தொழிற்பயிற்சியாகும்.

சைக்கிள் சிறிய பொருள்தான். ஆயினும் அது நிற்கும் நாளில் ஒரு பிள்ளையின் பாடம் நிற்கிறது. ஒரு வீட்டின் பால் சங்கத்திற்குச் செல்வது நிற்கிறது. அளவுகோலை எடுத்து இன்றே உங்கள் வீட்டுச் சைக்கிளின் செயினை அளந்து பாருங்கள்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம் எவ்வளவு? எந்த அளவை எட்டும்போது செயினை மாற்ற வேண்டும்?

2. தேய்ந்த பிரீவீலில் புதிய செயினை மாட்டினால் நேர்வது என்ன?

3. சுமை ஏற்றிச் செல்வோருக்கு 18 பற்களைவிட 22 பற்கள் உள்ள பிரீவீல் ஏற்றது எனக் கூறுவதற்குக் காரணங்கள் யாவை?

4. உங்கள் ஊரில் பள்ளிக்குச் செல்லும் சைக்கிள்கள் எத்தனை? அவற்றுள் செயின் கவர் இல்லாதவை எத்தனை? கணக்கெடுத்து அடுத்த கிராம சபையில் தெரிவிக்கவும்.