தேசிக்காயும் வெயிலும்

தெளிவாயிருக்கும் கிணற்றுத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்றே அளவெட்டியில் நாம் பழகிவிட்டோம். ஆனால் எமது நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியின் கழிவு சரியாக வடிபடாமலே கிணற்றுக்குப் போய்விடலாம். இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் ஒரே வளவில் இருந்து ஒரே கிணற்றில் அள்ளும்போது குழியும் கிணறும் இன்னும் கிட்ட வந்துவிடுகின்றன.

கொதிக்கவைத்தல் நல்ல வழி. ஆனால் விறகுக்கு எங்கே போவது? வெயில் இருக்கிறதே.

1980இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அக்ரா என்பவரும் கூட்டாளிகளும் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் கரைசலை, நமது ஜீவனி போன்றதை, வெயிலில் வைத்தே கிருமி நீக்கலாம் என்று காட்டினார்கள். முறை எளிது. நிறமற்ற, கீறல் விழாத, 2 லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்ரிக் போத்தலைக் கழுவி, ஒட்டியிருக்கும் தாளை உரித்து, நீர் நிரப்பி மூடிக் கூரைத் தகரத்தில் 6 மணித்தியாலம் படுக்க வையுங்கள். பாதி வானம் மூடியிருந்தால் இரண்டு நாள். அடைமழையில் அடுப்புத்தான். போத்தலைப் பத்திரிகைத் தலைப்பின்மேல் நிறுத்தி மேலிருந்து பார்த்தால் எழுத்துத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் முதலில் தெளியவிட்டு வடியுங்கள்.

இதற்குள் தேசிக்காய் எப்படி வந்தது? அதிலே சோரலின் என்ற பொருள் உண்டு. வெளிச்சம் பட்டால் அது கிருமியின் மரபுப் பொருளைப் பிணைத்துப் பெருகவிடாது. தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்றவரின் தோல் எரிந்து கறுப்பதும் இதனால்தான்! 2012இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2 லீற்றர் நீரில் 30 மில்லிலீற்றர் சாறு விட்டு அரை மணித்தியாலம் வெயிலில் வைத்தபோது, ஈ.கோலை பற்றீரியா வெகுவாகக் குறைந்தது. வைரசுகள் அப்படிக் குறையவில்லை. அவர்கள் எடுத்ததும் நமது தேசிக்காயிலும் பெரிய இனம். ஆகவே சாறு விட்டாலும் 6 மணித்தியாலத்தைக் குறைக்காதீர்கள். சீனியைக் குடிக்கும்போது போடலாம்.

மஞ்சளின் குர்க்குமினும் நீல ஒளியில் கிருமியைக் கொல்லும். ஆனால் அது தண்ணீரில் கரைவது மிக அரிது. மஞ்சள்தூள் நீரைக் கலக்கி வெயிலையும் மறைக்கும். அது ஆய்வுகூடத்தோடு நிற்கட்டும்.

போத்தலிலிருந்தே ஊற்றிக் குடியுங்கள். கழுவாத செம்பில் மாற்றினால் பட்ட பாடு வீண்.

ஒன்று மறக்கக்கூடாது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரத்திலிருந்து கிணற்றில் சேரும் நைத்திரேற்றை வெயிலும் தேசிக்காயும் நீக்கா, கொதித்தாலும் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டார், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்று நீரைச் சோதிப்பியுங்கள்.