வலென்சியாவில் ஒரு வார இறுதி: கையைக் கடிக்காமல் சுற்ற 16 குறிப்புகள்

லண்டன், பாரிஸ், சூரிச் பக்கம் குடியிருக்கும் தோழிகளே! வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு ராத்திரி வீடு திரும்பும்படி ஒரு மத்தியதரைக் கடலோர ஊர் தேடுகிறீர்களா? ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கும் வலென்சியாவைப் பாருங்கள். மணல் கடற்கரை, நடந்தே பார்த்து முடிக்கிற பழைய ஊர், எல்லாவற்றுக்கும் மேலாக அரிசிச் சாப்பாடு! அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற, கடை மூடுகிற நேரத்துக்கு நாமும் மாறிக்கொண்டால் பர்ஸ் பிழைத்துக்கொள்ளும்.

1. மே மாதம்தான் என் ஓட்டு. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து படுத்தும். செப்டம்பர், அக்டோபரில் கடல் தண்ணீர் இதமாக இருந்தாலும் திடீர்ப் பேய்மழை பெய்கிற காலம் என்பதால், வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

2. மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா. அறை வாடகை எகிறிவிடும். ஆனால் மார்ச் 1 முதலே தினமும் மதியம் 2 மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தில் மஸ்க்லெதா என்கிற சரவெடி உண்டு, டிக்கெட் கிடையாது. வெடிப் பிரியர்கள் மாத முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கைக்குழந்தையோடு மட்டும் பக்கத்தில் போய் நிற்க வேண்டாம்.

3. இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு அங்குள்ள குடியிருப்பு அனுமதி போதாது, ஷெங்கன் விசா வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து குடியிருப்பு அட்டை வைத்திருந்தால் விசா தேவையில்லை. ஆனால் அட்டை, பாஸ்போர்ட் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

4. கட்டுச்சோறு கட்டும்போது ஒரு கணக்கு: லண்டனிலிருந்து போகிறவர்கள் இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது. தயிர் சாதமும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாய் எல்லாம் கைப்பையில் திரவக் கணக்கில் சேர்ந்துவிடும். இட்லிப்பொடி, பருப்புப்பொடி என்றால் பிரச்சினையே இல்லை.

5. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ 3, 5 ஆகிய தடங்கள் அரை மணிக்குள் ஊர் நடுவில் கொண்டுவந்து விடும். டிக்கெட் ஏற்றித் தருகிற அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். திரும்பும்போது அதிலேயே மறுபடி காசு ஏற்றிக்கொள்ளலாம்.

6. தங்க நோர்த் ரயில் நிலையத்தைச் சுற்றியோ ரூஸாஃபா பகுதியிலோ அறை பார்த்தால், பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே போகலாம். எல் கார்மென் பகுதி அழகுதான், ஆனால் வெள்ளி, சனி ராத்திரிகளில் மதுக்கடைச் சத்தம் தூங்கவிடாது. அங்கேதான் தங்குவேன் என்றால், தெருப் பக்கம் வேண்டாம், உள்பக்க அறை கொடுங்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

7. மெர்க்காத் சென்ட்ரால் என்னும் மத்தியச் சந்தைக்குச் சனிக்கிழமை காலையே போய்விடுங்கள். மதியம் 3 மணிக்கு மூடுவார்கள், ஞாயிறு விடுமுறை. பழம், ஆலிவ், சீஸ், ரொட்டி என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாங்கிவிட்டால் ஒரு ஓட்டல் செலவு மிச்சம். வாங்குகிற மும்முரத்தில் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். 1928இல் திறந்த கட்டடத்தின் குவிமாடம் அவ்வளவு அழகு!

8. சந்தைக்கு எதிரிலேயே பழைய பட்டு வணிக மண்டபம், லோன்ஹா. அதற்கும் செர்ரானோஸ் கோட்டை வாசலுக்கும் ஞாயிற்றுக்கிழமை கட்டணமில்லை. ஆகவே சனி சந்தை, ஞாயிறு மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போட்டால் இரண்டிலும் நஷ்டம். நுண்கலை அருங்காட்சியகம் எப்போதுமே இலவசம், திங்கள் மட்டும் மூடியிருக்கும்.

9. காலை 10 மணி வாக்கில் உள்ளூர்க்காரர்கள் அல்முவெர்ஸோ என்று ஒரு பலமான சிற்றுண்டி சாப்பிடுவார்கள். நீள ரொட்டிக்குள் ஏதாவது வைத்தது, கொஞ்சம் கடலை, ஆலிவ், குடிக்க ஒன்று, கடைசியில் காபி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. ரொட்டி பெரியது, இரண்டு பேருக்கு ஒன்றே தாராளம்.

10. இனி சோற்று விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாயேயா என்கிற அந்த ஊர்ச் சோறு மதியச் சாப்பாடு. ராத்திரி பயணிகளுக்காக வைக்கிற கடைகளில் அது பெரும்பாலும் சூடுபண்ணியதாக இருக்கும், நம்பி உட்காராதீர்கள். நல்ல கடையில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் வைப்பார்கள், அரை மணி நேரமாவது ஆகும். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவைத்தால் காத்திருப்பு குறையும். தட்டின் அடியில் பிடித்திருக்கும் காந்தலுக்குச் சொக்கர்ராத் என்று பெயர். அதற்குத்தான் அங்கே போட்டி. வீட்டில் அடிப்பிடித்தால் முகம் சுளிக்கிறவர்களும் அங்கே சுரண்டிச் சாப்பிடுவார்கள்!

11. அசல் வலென்சியா பாயேயாவில் கோழியும் முயலும் இருக்கும், கடல் உணவு இருக்காது. சைவர்கள் 'பாயேயா தே வெர்துராஸ்' என்று கேட்க வேண்டும். அதோடு விட்டுவிடாதீர்கள், காய்கறிச் சோற்றையும் கோழிச் சாற்றில் வேகவைக்கிறவர்கள் உண்டு. 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் கால்தோ தே போயோ' என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டுங்கள்: கறி, மீன், கோழிச்சாறு மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம்.

12. வெள்ளி மதியமே போய்ச் சேர்ந்தால், 'மெனு தெல் தியா' பலகை வைத்த கடையில் நுழையுங்கள். இரண்டு பதார்த்தம், இனிப்போ காபியோ என்று முழுச் சாப்பாடு ஒரே விலையில் கிடைக்கும். பெரும்பாலும் வேலை நாள்களில் மட்டும்தான்.

13. வெயிலுக்கு ஒர்ச்சாத்தா குடியுங்கள். நம் ஊர்க் கோரைக்கிழங்கின் உறவான சுஃபாவை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த, பசும்பால் சேராத குளிர்பானம். மெட்ரோ 3ஆம் தடத்தில் பக்கத்து ஊரான அல்போராயாவுக்குப் போனால் அது விளைகிற இடத்திலேயே குடிக்கலாம். தொட்டுக்கொள்ள ஃபார்த்தோன் என்ற நீளப் பன்னும் கேளுங்கள்.

14. பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் துரியா பூங்கா ஒரு வரம். 1957 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, காய்ந்த படுகையைப் பல கிலோமீட்டர் நீளத் தோட்டமாக்கிவிட்டார்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் கார் தொல்லையே இல்லாமல் சுற்றலாம். படுத்திருக்கும் ராட்சத கலிவர் பொம்மை மேல் ஏறிச் சறுக்கக் காசு கேட்க மாட்டார்கள். அதே பாதை கடைசியில் கலை அறிவியல் நகரம் என்கிற கட்டட வளாகத்தில் கொண்டுபோய் விடும். உள்ளே போகக் கட்டணம் அதிகம், ஆனால் விளக்கு போட்ட பிறகு வெளியிலிருந்து பார்ப்பதே எனக்குப் போதும் என்று தோன்றும்.

15. கடற்கரைக்கு டிராம் போகிறது, மல்வர்ரோசா போய் இறங்குங்கள். துண்டும் பாயும் கொண்டுபோனால் சாய்வு நாற்காலி வாடகை மிச்சம். நேரமிருந்தால் சாயங்காலம் நகரப் பேருந்தில் எல் பால்மார் போய் அல்புஃபெரா ஏரியில் படகில் ஏறுங்கள். சுற்றிலும் நெல் வயல்தான், பாயேயா அரிசி அங்கிருந்துதான் வருகிறது. திரும்பி வர கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

16. வாங்கி வர பொம்மை, காந்தம் எல்லாம் வேண்டாம், சந்தையில் சின்னத் துணிப்பையில் விற்கும் பொம்பா அரிசி ஒரு கிலோ போதும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் இழுக்கும், லேசில் குழையாது. பொங்கலுக்கு ஆகாது, காய்கறி போட்டுச் சோறு வைக்க அருமை. ஞாயிறு சந்தை இல்லை என்பதால் இதையும் சனிக்கிழமையே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.