கை மறக்காது

கேள்வி: சின்ன வயதில் ஒயர் கூடை பின்னுவேன். கல்யாணம், குழந்தைகள் என்று இருபது வருடமாக விட்டுப்போயிற்று. இப்போது மறுபடி ஆசை வருகிறது. முடியுமா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: தாராளமாக முடியும். மனசுக்கு மறந்ததெல்லாம் விரலுக்கு நினைவிருக்கும். ஒரு ஒயரை மடித்துப் பிடித்து, இன்னொன்றை அதைச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். முதல் சில முடிச்சுகள் கோணலாக வரும். வரட்டும், அவிழ்க்க வேண்டாம்.

பரணில் பழைய ஒயர் இருந்தால் விறைத்துப்போயிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுங்கள், வளைந்து கொடுக்கும். இழுக்கும்போது ஒயர் புரளக் கூடாது. நான்கு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்தால் கூடை முழுக்கச் சாய்ந்து நிற்கும். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளுங்கள், பழக்கம் விட்ட தோல் சீக்கிரம் கன்றிவிடும்.

எடுத்த எடுப்பில் சிவன் கண் முடிச்சுக் கூடைக்குப் போகாதீர்கள். அண்ணாமலையார் ஊர்க்காரருக்கு அந்த ஆசை வரும்தான்! முதலில் சாதா முடிச்சில் சின்னப் பூக்கூடை ஒன்று முடியுங்கள். அடிப்பாகம் தட்டையாக உட்கார்ந்துவிட்டால் மற்றது தானாக வரும். கைப்பிடியில் மட்டும் அவசரம் வேண்டாம், பாரம் முழுவதும் அங்கேதான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தடை என்பதால், உங்கள் கூடைக்கு வேலையும் இருக்கும். நல்ல ஒயர் கூடை பல வருடம் உழைக்கும். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகும்போது தண்ணீர் பாட்டிலும் பழமும் வைத்துக்கொள்ள, நீங்கள் பின்னியதையே எடுத்துப் போங்கள்.